அரைப் பேர்

பதுளை ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தது நான்தான்.
ஆறு மாதத்துக்கு இரவலாய் வந்த இயந்திரம்
பூஞ்சணம் பிடிக்காதிருக்க
இரவில் அறுபது வோல்ட்ஸ் பல்ப் ஒன்றைப்
பக்கத்தில் எரிய விட்டதும் நான்தான்.

செவனம்மா, ஐம்பத்தொன்று.
கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் மலை.
இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு,
ஒரு தேயிலை அரும்பின் நீளம்.

சம்மதப் பத்திரத்தில் பெருவிரலை அழுத்தினாள்.
மை விழுந்தது, ரேகை விழவில்லை.
முப்பத்துநான்கு வருஷக் கொழுந்து தின்றது போக
மிச்சம் வழுவழுப்பு.
"பேங்குலயும் இதே கததான்,
நான் நான் இல்லைங்குது மிசினு."

நாங்கள் படிக்கிற அலைத்துண்டுக்கும்
விரல்ரேகைப் பகுதி என்றுதான் பெயர்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

விளக்கை அணைத்தேன்.
பேனா மொத்தமுள்ள குழாயைக் கன்னத்தில் ஒற்றினார்
டொக்டர் அனுராதி.
போன ஒளி போன நிறத்திலேயே திரும்பும்.
கோடியில் ஒன்று மட்டும்
தசைக்குள் ஏதோ ஒரு பிணைப்பை உலுக்கி
அதற்கான கூலியைக் கொடுத்துவிட்டு
நிறம் மாறி வரும்.
அந்த ஒன்றுக்காக இந்த இருட்டு.
அந்த ஒன்றுக்காக அரை நிமிஷம்
அவள் எச்சில் விழுங்காமல் கிடந்தாள்.

முதல் கோடு கோடாகவே இல்லை.
நாலு தரம் கொப்பளித்தும் போகாத கறை
தானாக ஒளிர்ந்து
பின்னேரம் அப்புத்தளையில் ஏறுகிற பனி மாதிரி
திரை முழுக்க அடைத்து நின்றது.
"என்னா தெரியுது?"
"நீங்க காலையில போட்ட வெத்தல."
இருட்டுக்குள் சிரித்தாள். கோடு துள்ளியது.

மறுபடி.

பனியைக் கழிக்க ஒரு கணக்கு உண்டு.
அடியில் வளைகோடு ஒன்றை ஓட்டி
அதற்கு மேல் நிற்பதை மட்டும் எடுப்பது.
கொஞ்சம் கழிக்கணும் என்று நான் முணுமுணுத்ததும்
நாற்காலியில் நிமிர்ந்தாள்.
"தண்ணிக்கா?"

மழை நாளில் மூன்று கிலோ,
வெயில் நாளிலும் இரண்டு.
கூடை தராசில் தொங்கும்போதே
கழித்துத்தான் எழுதுவார்கள்.

"இல்லம்மா. இந்த வெளிச்சம் தண்ணிய
ஒரு பொருட்டா எடுக்காது.
எச்சில், ரத்தம், எவ்வளவு ஈரம்னாலும்
அதத் தாண்டிப் பாக்கும்."
"அப்ப நல்ல தராசுதான்," என்றாள்.

கொழுப்பின் மேடு
இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை.
புரதத்தின் மேடு ஏறியிருக்கிறது, கொஞ்சம்.
கொஞ்சம் என்பது எவ்வளவு?
பூச்சியம் தசம் ஐந்து இரண்டு, என்றது மென்பொருள்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னார்,
நான் தமிழுக்குக் கொண்டுவந்தேன்:
பாதிக்குக் கொஞ்சம் மேலே.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
எங்கே கிள்ளி எடுப்பது என்று இது காட்டும்,
முடிவைக் கண்டியில் சதையைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

செவனம்மா யோசித்தாள்.
"அரைப் பேரு போட்டுருக்கு."
பிறகு,
"முழுப் பேருக்கு இன்னும் எத்தன கிலோ வேணும்?"

எந்தப் பக்கத்து முழுமையைக் கேட்கிறாள் என்று
எனக்கு விளங்கவில்லை.
டொக்டருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பஞ்சைக் கடித்தபடி
மூன்றேகால் பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.
இன்றைய சம்பளம் வெட்டுத்தான்.
ஃபோர்மலின் போத்தலில் ஒட்டினேன்
அவள் பெயர், தகப்பன் பெயர், பிரிவு, மலை.

இரவு, பல்பு வெளிச்சத்தில்
அதே கோட்டைத் திரும்ப எடுத்தேன்.
அடிக்கோட்டை ஒரு படி வளைத்துப் பார்த்தால்
தசம் நான்கு ஏழு.
இன்னொரு படி வளைத்தால்
தசம் ஐந்து எட்டு.
கழிப்பது நான். எழுதுவதும் நான்.
தராசுத் தட்டில் இருந்த விரலைக் கண்டேன்.
மையில்லாத, ரேகை தேயாத விரல்.

எடுத்தேன்.